கடை திறந்தாச்சு... பக்கம் திறக்கலையே!

தீபாவளி நெருங்கினால் சேலை வியாபாரிகளுக்குச் சொந்தமாக ஓர் ஆன்லைன் கடை போட்டுவிடும் ஆசை வந்துவிடுகிறது. அதற்குத்தான் டெம்ப்ளேட் இருக்கிறதே! பொருள் பட்டியல், கூடை, பணம் கட்டும் பக்கம் எல்லாம் ரெடிமேட் ஜாக்கெட் மாதிரி தைத்தே வருகின்றன. பெயரும் லோகோவும் மாற்றினால் ஓரிரு நாளில் கடை தயார்.

டெம்ப்ளேட்டின் டெமோ கடையைத் தட்டினால் சட்டென்று வருகிறது. அதே டெம்ப்ளேட்டில் நம்மவர் போட்ட கடையைத் தட்டினால் டீ ஆறிவிடுகிறது. குற்றவாளி டெம்ப்ளேட் இல்லை, போட்டோ!

டெமோவில் இருப்பவை பார்த்துப் பார்த்துச் சுருக்கிய படங்கள். நாம் ஏற்றுவதோ செல்போனில் எடுத்த படத்தை அப்படியே. 12 மெகாபிக்சல் என்றால் 4,000-க்கு 3,000 பிக்சல். ஒரு படமே மூன்று, நான்கு எம்.பி. வரும். பார்ப்பவரின் போன் திரை பெரும்பாலும் 1,080 பிக்சல் அகலம்தான். ஒரு பக்கத்தில் 20 சேலை அடுக்கினால் எத்தனை எம்.பி. என்று நீங்களே கணக்குப் போடுங்கள். சில டெம்ப்ளேட்டுகள் தாமாகவே படத்தைச் சுருக்கும். ஆனால், பொருள் விவரத்துக்குள் நாமாக ஒட்டும் படங்கள் பெரும்பாலும் அந்தச் சல்லடையில் விழுவதில்லை.

பக்கத்தின் பெரிய படம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது இணைய உலகின் அளவுகோல். கடைப் பக்கத்தில் அந்தப் பெரிய படம் அநேகமாக முகப்பு பேனர்தான். 'திரையில் வரும்போது மட்டும் இறக்கு' என்ற வசதியை அதற்கும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். முதலில் வரவேண்டியது கடைசியில் வருகிறது! படத்தின் நீள அகலத்தைக் குறிக்காமல் விட்டால் இன்னொரு கூத்து: 'கூடையில் போடு' என்று விரலை வைக்கும் நேரத்தில் படம் வந்து விழுந்து, பட்டன் கீழே நழுவும்.

"ஜரிகை தெரிய வேண்டாமா சார்?" என்று கேட்பார்கள். தெரியட்டும். பட்டியலில் சின்னப் படம், தொட்டுப் பெரிதாக்கினால் மட்டும் பெரிய படம். ஜேபெக்குக்கு (JPEG) பதில் வெப்பி (WebP) வடிவத்தில் போட்டால், அதே தரத்தில் சுமார் கால் பங்கு எடை குறையும்.

பெரிய சந்தைத் தளங்களில் விற்றால் இந்தத் தலைவலியே இல்லை என்பவர்களும் உண்டு. கமிஷன் கொடுக்க மனமிருந்தால் சரிதான்.

கடையை வைஃபையில், சொந்த போனில் சோதிக்காதீர்கள். படங்கள் அதில் ஏற்கெனவே தங்கியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரரின் பழைய போனை வாங்கி, டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள்.