நடுக் கட்டத்தில் ஒரு பெயர்

மகாராஷ்டிரத்தில் பள்ளிப் படிவம் நிரப்பிய நம்மவர்களுக்குத் தெரியும். பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டங்கள். இன்ஷியலோடு நிறுத்திக்கொள்ளும் நாம் மூன்றாவது கட்டத்தில்தான் திண்டாடுவோம். எங்கள் வீட்டுத் திண்டாட்டம் நடுக் கட்டத்தில்.

2014இல் எனக்குத் திருமணமானபோது என் மனைவிக்கு நான்கு வயதில் ஒரு மகள் இருந்தாள். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் இல்லை, யாரென்று தெரியாது. அதற்கு மேல் அந்தக் கதை என் மனைவியினுடையது, நான் எழுதுவதற்கில்லை. காட்கோபர் கிழக்கில், பந்த் நகரில் குடியேறினோம். ஒரே மாதத்தில் குழந்தை என்னை ‘அப்பா’ என்றாள். வீட்டுக்குள் அது போதும். வெளியே போதவில்லை. ஒரு பள்ளியில் எழுத்தர் சான்றிதழையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “தகப்பனாரை அழைத்து வாருங்கள்” என்றார்.

திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த சித்தப்பா யோசனை சொன்னார்: “பேசாம ஒம் பேரையே அப்பான்னு எழுதிருல. யாரு வந்து கேக்கப் போறா?”

நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் பதிவேட்டில் பொய் சொல்லி வாங்கும் தகப்பன் பட்டம் எத்தனை நாள் நிற்கும்? மனைவியின் முந்தைய குழந்தை, இந்து வாரிசுரிமைச் சட்டப்படி எனக்கு வாரிசு அல்ல. மாற்றான் தகப்பன் இயற்கைக் காப்பாளரும் அல்ல. நான் உயில் எழுதாமல் கண்மூடினால், அவளை வாசலில் நிறுத்த ஒரே ஒரு பங்காளி போதும். ஆகவே முறைப்படி சுவீகாரம் எடுப்பது என்று முடிவு செய்தோம்.

எங்களை உறுத்திய கேள்வி, யாரென்றே தெரியாத அந்த மனிதரின் சம்மதத்துக்கு எங்கே போவது என்பதுதான். மணமாகாத தாயின் குழந்தைக்குத் தாயே முதல் காப்பாளர் என்று 1956ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. மணமான தாய்மாருக்குத்தான் போராட்டம் வேண்டியிருந்தது. கோயம்புத்தூரில் பிறந்து, பம்பாயிலும் மணிலாவிலும் வளர்ந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன், மகன் பெயரில் பத்திரம் வாங்கப் போனபோது ரிசர்வ் வங்கி தகப்பன் கையெழுத்தைக் கேட்டது. அவர் தொடுத்த வழக்கில் 1999இல் வந்த தீர்ப்பு, தகப்பன் உயிரோடு இருக்கும்போதும் தாய் காப்பாளராகலாம் என்றது. 2015இல் உச்ச நீதிமன்றம் இன்னொரு படி போய், மணமாகாத தாய் காப்பாளராக விண்ணப்பிக்கும்போது தகப்பன் பெயரைச் சொல்லவோ அவருக்கு நோட்டீஸ் அனுப்பவோ வேண்டியதில்லை என்றது. அந்தத் தீர்ப்பைப் படித்த இரவு என் மனைவி நிம்மதியாகத் தூங்கினாள்.

மற்ற நிபந்தனைகள் எளிது. குழந்தைக்குப் பதினைந்து வயது நிரம்பியிருக்கக் கூடாது. பெண் குழந்தையைத் தத்தெடுக்கும் ஆண் அவளைவிட 21 வயதாவது மூத்தவனாக இருக்க வேண்டும். அவனுக்கு ஏற்கெனவே மகள் இருக்கக் கூடாது. தாயே கொடுப்பதால் நீதிமன்ற அனுமதியும் தேவையில்லை. (இது இந்துக்களுக்கான சட்டம். நம்மிடையே உள்ள கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களுக்குச் சிறார் நீதிச் சட்டத்தின் வழி இருக்கிறது.)

2016இல் பத்திரம் பதிவு செய்தோம். ஹோமம் கட்டாயமில்லை, ஆனால் கொடுப்பதும் வாங்குவதும் உண்மையாக நடக்க வேண்டும் என்கிறது சட்டம். என் மடியை விட்டு இறங்க மறுக்கும் பிள்ளையை எப்படிக் கொடுப்பது? மனைவி அவளைத் தூக்கிக்கொண்டு நாலடி நடந்துபோய், திரும்பி வந்து என்னிடம் கொடுத்தாள். மாமியார் அழுதார். முறையாக நடந்த சுவீகாரத்தைத் தகப்பன் பின்னாளில் ரத்து செய்ய முடியாது என்று வக்கீல் சொன்னதை அவர் இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்.

2022இல், ஆந்திராவிலிருந்து போன வழக்கொன்றில், ஆவணங்களில் தாயின் இரண்டாவது கணவரை ‘மாற்றான் தகப்பன்’ என்று குறிப்பிடச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் கொடுமையானது என்று கண்டித்தது. அந்த வழக்கிலும் கணவர் 2019இலேயே குழந்தையைப் பதிவுப் பத்திரம் மூலம் தத்தெடுத்திருந்தார்.

எங்கள் பத்திரம் இரும்பு அலமாரியில், ரேஷன் கார்டுக்கு அடியில் இருக்கிறது. பத்து வயதில் மகள் கேட்டபோது எடுத்துக் காட்டினோம். முழுக்க வாசித்தாள். என் கையெழுத்து கோணலாக இருக்கிறது என்று சிரித்தாள்.