எல்லைப்படுத்தும் காரணி – ஓர் உதாரணம்

மாணவர்களே, ஒளித்தொகுப்பு வினாக்களுக்கு இவ்வுதாரணம் கைகொடுக்கும்.

யப்பானில் மாரிகாலத்தில் ஸ்ரோபெரி பச்சை வீடுகளில் பயிரிடப்படுகிறது. குளிர் புகாதிருக்க வீட்டை மூடிவைப்பர். பகலில் தாவரங்கள் உள்ளிருக்கும் காபனீரொட்சைட்டைப் பயன்படுத்துவதால், அதன் செறிவு வெளிவளியில் உள்ள ஏறத்தாழ 0.04% இலும் குறைகிறது. ஒளியும் நீரும் போதியளவு இருந்தும் ஒளித்தொகுப்பு வீதம் தாழ்கிறது. எனவே இங்கு எல்லைப்படுத்தும் காரணி காபனீரொட்சைட்டாகும். மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளை எரித்து அதன் செறிவைக் கூட்டுவர். இதனால் கூடுதல் உணவு தொகுக்கப்பட்டு விளைச்சல் அதிகரிக்கும்.

“இரவில் இவ்வாறு வழங்குவது பயன் தருமா?” என வினவப்படின், “இல்லை” என்று மட்டும் எழுதிப் புள்ளியை இழக்காதீர்கள். இரவில் ஒளி இன்மையால் ஒளித்தொகுப்பு நிகழாது என்னும் காரணத்தையும் எழுதுங்கள்.