ஓட்டுப் போட்டும், போடாமலும்

2024 ஏப்ரல் 19, மக்களவைத் தேர்தல் நாள். பரந்தூருக்கு அருகே ஏகனாபுரத்தில் வாக்குச்சாவடி திறந்திருந்தது, ஊர் வரவில்லை. ஓட்டுப் போட்டவர்கள் மிகச் சிலர். வயலும் வீடும் பரந்தூரில் வரவிருக்கும் புதிய விமான நிலையத்துக்குப் போகப்போகின்றன என்று 2022 ஆகஸ்டில் தெரிந்ததிலிருந்து இந்த மக்கள் கிராம சபையில் எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள். மறுபடி மறுபடி போட்டார்கள். கடைசியில் தேர்தலையே புறக்கணித்தார்கள்.

2025 ஏப்ரலில் விமான நிலையத்துக்கு ஒன்றிய அரசின் கொள்கையளவு ஒப்புதல் வந்தது.

யாருக்கு ஓட்டுப் போட்டிருந்தால் இது மாறியிருக்கும்? நிலம் எடுப்பது மாநில அரசு, அனுமதி கொடுப்பது ஒன்றிய அரசு. மேடையில் மோதிக்கொண்ட இரண்டும் இந்த விஷயத்தில் ஒரே பக்கம் நின்றன. அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் ஒரே அணி அள்ளியது. டெல்லியில் அது உட்கார்ந்தது எதிர்க்கட்சி வரிசையில். இதே வட்டாரத்தின் தொழில் ஊர்களான ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் டீக்கடைகளில் ‘நம்ம பேச்சு எங்கே எடுபடப்போகுது’ என்ற அலுப்பு இருந்தால், அதைச் சோம்பல் என்று ஒதுக்குவது அநியாயம்.

அந்த அலுப்புக்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் மத்திய நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி, தனியார் திட்டத்துக்குப் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதமும், அரசு-தனியார் கூட்டுத் திட்டத்துக்கு 70 சதவீதமும் சம்மதிக்க வேண்டும். சமூகத் தாக்கத்தையும் ஆராய வேண்டும். பரந்தூர் நிலமோ தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எடுக்கப்படுகிறது. ஒரகடத்துச் சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்ததும் இதே சட்டத்தின் கீழ்தான். இதில் அந்தச் சம்மதம் தேவையில்லை. 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லாது என்றது. அதே ஆண்டில் சட்டமன்றம் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது. 2021-ல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. கேட்க வேண்டாம் என்று சட்டமே சொன்ன பிறகு, தீர்மானத்தை யார் படிப்பார்கள்?

ஆனால் தொழிலாளர்களின் பேச்சு எடுபட்டதும் உண்டு. ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா 2023 ஏப்ரல் 21-ல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தன, கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்றே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் தொடங்கி, இதே வட்டாரத்துச் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தார்கள். போராட்டப் பந்தல் பிரிக்கப்பட்டது, கைதுகள் நடந்தன. அவர்களுடைய சங்கத்தின் பதிவுக்கு உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில் பதிவு கிடைத்தது.

தொழிலாளி வேலையை நிறுத்தினால் உற்பத்தி நிற்கும், அரசு பேச வரும். விவசாயி உழவை நிறுத்தினால் யாருக்கும் நஷ்டமில்லை, அவருக்குத்தான். இருவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஒடிசா, பீகாரிலிருந்து வந்து இங்கே ஆலை லைனில் நிற்கும் இளைஞர்களுக்கு ஓட்டின் பலமும் இல்லை. பெரும்பாலோரின் ஓட்டு சொந்த ஊரில், உழைப்பு இங்கே. வெளியூரிலிருந்தே ஓட்டுப் போடும் இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளிடம் காட்ட முயன்றது. எதிர்ப்பு வந்தது, அதோடு சரி.

ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருபவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் ஒன்றைக் கேளுங்கள்: நிலம் எடுக்கும் முன் அந்த ஊரின் சம்மதம் வேண்டும் என்று 1997 சட்டத்தைத் திருத்துவீர்களா, மாட்டீர்களா?