ஆமைக் குளத்தில் விளக்கு போடுமுன்

2024 மே மாதம் கோவை சரவணம்பட்டி அருகே ஒரு குடியிருப்பு வளாகப் பூங்காவில், சறுக்கு மரத்துப் பக்கம் விளையாடிய இரண்டு குழந்தைகள் மின்சாரம் பாய்ந்து இறந்தார்கள். மண்ணுக்கடியில் போன கேபிளில் கசிவு. மண்ணுக்குள் கிடந்த கேபிளே இரண்டு உயிரைக் குடித்தது என்றால், தண்ணீருக்குள்ளேயே விளக்கை இறக்குகிறவர்கள் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

தொண்டாமுத்தூர், ஆனைமலை, பொள்ளாச்சிப் பக்கத் தோட்டத்து வீடுகளிலும் விடுதிகளிலும் அலங்காரக் குளம் இன்று அதிசயமில்லை. நாலு தாமரை, கொஞ்சம் மீன், இரண்டு ஆமை, இருட்டினால் நீலமும் பச்சையுமாக மாறுகிற விளக்கு. பார்க்க அழகுதான். ஆனால் அந்தத் தண்ணீரில் கைவிடும் மனிதருக்கும் அதிலேயே வாழும் ஆமைக்கும் என்ன ஆகும் என்பதை வேலை தொடங்குமுன்பே கேட்டுவிட வேண்டும்.

எலக்ட்ரீஷியனைக் கேட்டால், "பன்னெண்டு வோல்ட்டுதானுங்க, ஒண்ணும் ஆகாதுங்க" என்பார். பாதிதான் சரி. விளக்குக்குப் போவது 12 வோல்ட். அதைத் தருகிற பெட்டிக்குள் நுழைவது 230 வோல்ட். நல்ல டிரான்ஸ்ஃபார்மரில் இந்த இரண்டு பக்கத்துக்கும் நேரடித் தொடர்பே இருக்காது. உள்ளே பழுதானாலும் வீட்டு மின்சாரம் குளத்துக்குத் தாண்டாது. மலிவான சில அடாப்டர்களில் இந்தப் பிரிப்பு சரியாக இருப்பதில்லை. ஆகவே 'ஐசோலேஷன்' உள்ளதா என்று கடையில் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். விளக்கில், நீருக்குள் மூழ்கியிருந்தாலும் தண்ணீர் புகாது என்று காட்டும் ஐ.பி.68 என்ற குறி இருக்க வேண்டும். பெட்டியைக் கரையோரச் செடிக்குள் ஒளித்து வைக்காமல், மழை படாத சுவரில் தள்ளி மாட்டுங்கள்.

எல்லோரும் மறந்துவிடுவது மோட்டாரை. விளக்கு 12 வோல்ட்டாக இருந்தாலும், பக்கத்தில் நீரூற்றுக்குப் போட்ட சின்ன மோட்டார் பெரும்பாலும் 230 வோல்ட்டில்தான் ஓடும். போர்வெல் மோட்டாரைப் பார்த்தே வளர்ந்த ஊர் நம்முடையது. தண்ணீரும் மின்சாரமும் சேர்வதில் நமக்குப் பயம் குறைவு. ஆனால் போர்வெல் குழிக்குள் கைவிட்டு யாரும் தாமரை இலையை ஒதுக்குவதில்லை.

எம்.சி.பி. இருக்கிறதே என்று நம்பி இருந்துவிடாதீர்கள். அது காப்பது கம்பியை, மனிதரை அல்ல. 6 ஆம்பியர் எம்.சி.பி. விழ 6 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். ஆளைக் கொல்ல ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிப்பது ஆர்.சி.சி.பி. குளத்து லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. தனியாகப் போடுங்கள், எர்த்தும் சரியாக இருக்கட்டும். ஆர்.சி.சி.பி.யில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் அன்றைக்கே மாற்றுங்கள்.

கோளாறு அதிகம் வருவது ஜாயின்ட்டில். கறுப்பு டேப்பைச் சுற்றி நீருக்குள் விட்டுவிடுவார்கள். சில மாதத்தில் பசை ஊறி டேப் நெகிழும்; உள்ளே செம்பு பச்சை பூத்திருக்கும். நீருக்குள் ஜாயின்ட்டே கூடாது. விளக்கோடு வந்த கேபிள் முழுசாகக் கரைக்கு மேல் வந்து, பெட்டிக்குள்தான் இணைய வேண்டும்.

தண்ணீரைத் தொட்டதும் சுருக்கென்றால், மீன்கள் காரணமில்லாமல் செத்து மிதந்தால், முதலில் மெயினை அணையுங்கள். யாராவது ஷாக் அடித்துக் குளத்தில் விழுந்தால் பின்னால் குதிக்காதீர்கள். மெயினை அணைத்த பிறகே தூக்க வேண்டும்; உடனே 108.

இனி ஆமை. அது நுரையீரலால் மூச்சு விடும் பிராணி. விளக்குக்கும் தரைக்கும் நடுவே சந்து இருந்தால் தலையை நுழைத்து மாட்டிக்கொள்ளும். மேலே வர முடியாமல் மூழ்கியே சாகும். விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பதியுங்கள், அல்லது அடியில் ஆமை நுழையாதபடி கல்லால் அடைத்துவிடுங்கள். மெல்லிய கேபிளை ஆமை கடித்துப் பார்க்கும். கெட்டியான குழாய்க்குள் விடுங்கள். ஹாலஜன் வேண்டவே வேண்டாம், சூட்டில் தோல் வெந்துவிடும். எல்.இ.டி. போதும்.

விளக்கால் ஆமைக்கு ஒரு நன்மையும் இல்லை. ஓட்டுக்கும் எலும்புக்கும் வேண்டிய புற ஊதாக் கதிர் வெயிலில் காயும் கல்லில்தான் கிடைக்கிறது. இரவு அதற்கு இருட்டு வேண்டும். ஆகவே டைமர் வைத்து, இருட்டிய பின் இரண்டு மணி நேரத்தோடு நிறுத்திவிடுங்கள். மங்கிய மஞ்சள் ஒளி, குளத்தில் பாதியாவது இருள், காயும் கல்லின் மேல் வெளிச்சம் படாமை, இவ்வளவும் வேண்டும். வெளிச்சம் கூடினால் பாசியும் கூடும்.

அந்த ஆமை யாருடையது என்பதும் கேள்விதான். வாய்க்காலிலும் ஏரியிலும் பிடித்த பாலாமை வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. நட்சத்திர ஆமையும் அப்படியே. இவற்றைப் பிடித்து வைத்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். தானாக வந்து குளத்தில் இறங்கிய ஆமையை அடைத்துவைக்காமல் அதன் வழியில் விடுங்கள். ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். கடையில் விற்கும் சிவப்புக்காது ஆமை அமெரிக்க இனம். அலுத்துப்போய் நொய்யலிலோ ஏரியிலோ விட்டால் நம் ஆமைகளின் இரையையும் இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும். பக்கத்துத் திருச்சூரில் நீர்நிலையில் இது தென்பட்டு, பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விட நேர்ந்தது.

வேலையை அரசு மின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். அந்தக் காகிதம்தான் பிறகு உங்கள் ஆயுதம். பொருளோ வேலையோ பழுதென்றால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தீராவிட்டால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். தெரு லைனில் கசிவு என்றால் மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987.

பொதுக் குளங்களுக்கும் இந்தக் கேள்விகள் உண்டு. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் உக்கடம் பெரியகுளத்துக்கும் வாலாங்குளத்துக்கும் நடைபாதையும் அலங்கார விளக்குகளும் வந்தன. சென்னையில் கடலாமைக் குஞ்சுகள் வழி தவறாமல் இருக்க, பருவத்தில் கடற்கரை விளக்குகளை அணைக்கச் சொல்லித் தன்னார்வலர்கள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். அந்த அக்கறையை நம் குளங்களுக்கும் கேட்கலாம். விளக்குகள் எத்தனை மணிக்கு அணைகின்றன, கரையோர மின் இணைப்பை யார், எப்போது சோதித்தார்கள் என்று மாநகராட்சியிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மனுவுக்கு 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும்.