பைக்கு ஒரு விலை

என் இளமையில் எங்கள் வீட்டுக் கதவின் பின்புறம் ஓர் ஆணி இருந்தது. திருமண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுத்த மஞ்சள் துணிப்பை ஒன்று அதில் எப்பொழுதும் தொங்கிக்கொண்டிருக்கும். "பை எடுத்தாயா?" என்று கேட்ட பின்னரே என் அன்னையார் என்னைக் கடைக்கு அனுப்புவார். பின்னர் ஒரு காலம் வந்தது. வெறுங்கையை வீசிக்கொண்டு கடைக்குச் சென்றேன். ஐந்து பிளாஸ்டிக் பைகளோடு வீடு திரும்பினேன். பைக்குக் காசில்லை, ஆகவே அதைப்பற்றி நான் எண்ணிப் பார்க்கவும் இல்லை. காசு கேட்டிருந்தால் எண்ணியிருப்பேனா? இக்கேள்விக்கு அயர்லாந்து நாடு சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடை கண்டது. அதைப்பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் அந்தப் பை பிறந்த கதையைச் சிறிது பார்ப்போம். பாலிதீன் என்னும் பொருள் 1933-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில் எதிர்பாராத வகையில் கிடைத்தது. அதனை மெல்லிய குழாயாக்கி, சூட்டினால் ஒட்டி, கைப்பிடி அமையுமாறு வெட்டி, ஒரே துண்டாலான பையைச் செய்யும் முறையை வகுத்தவர் சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் ஸ்டென் குஸ்தாவ் துலின். 1965-இல் அம்முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. சில கிராம் எடையே உள்ள அப்பை, தன்னைப்போல் பன்னூறு மடங்கு சுமையைத் தாங்கிற்று. ஆயின் கடையில் சிறப்பாய் இருந்த குணங்களே தெருவில் குற்றங்கள் ஆயின. எடை குறைவாதலால் காற்றில் பறந்து மரங்களில் சிக்கியது. நீர் புகாதாதலால் சாக்கடைகளை அடைத்தது. எளிதில் மக்காதாதலால் மாட்டின் வயிற்றிலும் கடலிலும் சென்று தங்கியது.

அயர்லாந்தில் ஒருவர் ஓராண்டில் சராசரியாக 328 பைகளைப் பெற்று வந்ததாக மதிப்பிட்டனர். 2002-ஆம் ஆண்டு மார்ச் 4-ஆம் நாள் முதல் அந்நாட்டு அரசு ஒவ்வொரு பைக்கும் 15 சென்ட் தீர்வை விதித்தது. விரைவிலேயே அந்த 328 என்னும் எண் 21 ஆகக் குறைந்தது! அதற்கு முன் தெருக் குப்பையில் நூற்றுக்கு 5 பங்காக இருந்த பைகள், ஒரு பங்குக்கும் கீழே இறங்கின.

பதினைந்து சென்ட் என்பது பெருந்தொகையா? அன்று. கூடை நிறையப் பண்டம் வாங்குகிறவர்க்கு அது ஒரு பொருட்டே அன்று. அவ்வாறாயின் இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது? தீர்வையைக் கடைக்காரர் தாமே ஏற்றுக்கொள்ளலாகாது. வாங்குவோரிடமே பெறுதல் வேண்டும். பட்டியலில் அதைத் தனியே காட்டுதலும் வேண்டும் என்று சட்டம் வகுத்திருந்தது. எனவே ஒவ்வொரு முறையும் "பை வேண்டுமா?" என்னும் கேள்வி எழுந்தது, ஒவ்வொருவரும் விடை கூற வேண்டியதாயிற்று. முன்னரும் பை உண்மையில் இலவசமாக வந்ததன்று. அதன் விலை பண்டங்களின் விலையில் கலந்தே இருந்தது; பை வேண்டாதவரும் அதைச் செலுத்தினர். மறைந்து கிடந்த விலையைக் கண்ணெதிரே நிறுத்தியதே அச்சட்டம் செய்த செயல். பச்சை இறைச்சி, மீன் முதலியவற்றை இடும் சிறு பைகளுக்கு விலக்கு அளித்தனர். திரண்ட பணம் சுற்றுச்சூழல் நிதிக்குச் சென்றது.

எனினும் பழகிப்போன விலை தன் கூர்மையை இழந்துவிடுகிறது. 2006-இல் அவ்வெண் மீண்டும் ஏறத்தாழ 30-க்கு உயர்ந்தது. ஆகவே 2007 ஜூலை 1 முதல் தீர்வையை 22 சென்ட் ஆக்கினர்.

இனி, துணிப்பை ஒன்றை வாங்கிவிட்டால் நம் கடமை முடிந்துவிட்டதா? அங்கேதான் நாம் ஏமாந்து போகிறோம். பருத்தி விளைவிக்க நிலமும் நீரும் உரமும் வேண்டும். நூற்கவும் நெய்யவும் ஆற்றல் வேண்டும். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதனைக் கணக்கிட்டது. ஒரே முறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பையைவிடப் புவி வெப்பத்திற்குக் குறைந்த காரணமாக வேண்டுமாயின், ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும் என்று அது கண்டது. வாரத்துக்கு ஒரு முறை எடுத்துச் சென்றால் இரண்டரை ஆண்டுகள்! இது வெப்பத்தைப் பற்றிய கணக்கு மட்டுமே. சாக்கடையும் கடலும் இக்கணக்கில் இல்லை. ஆயினும் அது நமக்கு ஓர் எச்சரிக்கை.

இப்பேச்சை எழுதுமுன் என் வீட்டு அலமாரியைத் திறந்து பார்த்தேன். திருமணங்களிலும் கூட்டங்களிலும் பெற்ற துணிப்பைகள் 19 இருந்தன. அவற்றுள் நான் எடுத்துச் செல்வன இரண்டே. எஞ்சிய 17 பைகளும் நற்செயலின் பெயரால் நான் சேர்த்த குப்பை என்றே கூற வேண்டும். எனக்கு நாணமாக இருந்தது.

தமிழ்நாடு வேறொரு வழியை மேற்கொண்டது. ஒரே முறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளை 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' என்னும் இயக்கத்தைத் தொடங்கியது. தடை கடைக்காரரை நோக்கிப் பேசுகிறது. விலை வாங்குவோரை நோக்கிப் பேசுகிறது. இரண்டும் வேண்டியவையே. ஆயின் கதவின் பின்னாலுள்ள ஆணியில் பையை மாட்டி வைப்பதும், புறப்படும்போது மறவாமல் எடுப்பதும் எச்சட்டத்தாலும் இயலா.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டிலுள்ள பைகளை இன்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். புதிய பை எதுவும் வாங்க வேண்டா, பழைய பை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது கிழியும் வரையில் பயன்படுத்துங்கள், கிழிந்தால் தைத்துக்கொள்ளுங்கள். என் அன்னையார் கேட்ட கேள்வியை நான் இப்பொழுது என்னையே கேட்டுக்கொள்கிறேன். நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்: "பை எடுத்தாயா?"