நெறி கட்டினால் சுண்ணாம்பு தடவாதீர்கள்

கழுத்தில் நெறி கட்டி ஆறு வாரம் ஆன கல்லூரி மாணவி. சுண்ணாம்புப் பற்று போட்டுத் தோல் வெந்திருந்தது. அம்மாவின் கைப்பையில் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு அட்டை, பாதி காலி. “கேன்சர்தானே டாக்டர்? மறைக்காமச் சொல்லுங்க” என்றார் அம்மா. பயாப்ஸியில் தெரிந்தது கிகுச்சி நோய். புற்றுநோய் அல்ல.

வேஷம் கட்டும் கட்டிகள்

1972இல் ஜப்பானில் கிகுச்சி, ஃபுஜிமோட்டோ இருவரும் தனித்தனியே விவரித்த நோய் இது. பெரும்பாலும் 40 வயதுக்குட்பட்டோருக்கு வரும். காய்ச்சல், தொட்டால் வலிக்கும் நெறி. சிலருக்கு இரவு வியர்வை, எடைக் குறைவு. லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய் போலவும் இருக்கும், காசநோய் போலவும் இருக்கும். பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு மாதத்தில் தானே வடிந்துவிடும்.

1950களில் பாஸ்டனில் பெஞ்சமின் காசில்மேன் விவரித்தது இன்னொன்று. நெஞ்சுக்குள் பெரிதாக வளர்ந்து பயமுறுத்தும். ஓரிடத்தில் மட்டும் இருந்தால், வெட்டி எடுத்ததோடு பெரும்பாலும் தீர்ந்தது. பல இடங்களில் வரும் வகை அப்படியல்ல, அதற்குத் தொடர் சிகிச்சை வேண்டும்.

தினமும் கேட்கும் கதைகள்

“வலிச்சா கேன்சர் இல்லை.” வலியை வைத்து இதை முடிவுசெய்ய என்னாலேயே முடியாது.

“கத்தி பட்டா பரவிடும்.” இந்த ஒரு பேச்சால் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு வருகிறவர்கள்தான் அதிகம். நெறியை எடுத்துப் பார்ப்பதால் லிம்போமா பரவுவதில்லை. பார்க்காமல் விட்டால்தான் அது பாட்டுக்கு வளரும்.

“ஊசி டெஸ்ட் எடுத்தாச்சே!” ஊசியில் வருவது சில செல்கள். இந்த நோய்களைப் பிரித்தறிய நெறியின் உள்ளமைப்பே தெரிய வேண்டும்.

“டி.பி. மாத்திரை போட்டுப் பார்ப்போமே.” இங்கே காசநோய் அதிகம் என்பதால் எழும் யோசனை. கிகுச்சி நெறி தானே வடியும். பெயர் மாத்திரைக்குப் போகும். ஆறு மாதம் வீணாக ஈரல் பாடுபடும்.

அந்த ஸ்டீராய்டு அட்டை

எனக்குக் கோபம் வருவது இதில்தான். லிம்போமாவும் ஸ்டீராய்டு பட்டால் கொஞ்ச நாள் சுருங்கும். “கரைஞ்சிடுச்சு” என்று வீட்டில் நிம்மதி. அப்போது எடுக்கும் பயாப்ஸியும் ஏமாற்றலாம். மீண்டும் வீங்கும்போது நாள்கள் போயிருக்கும்.

என்ன பரிசோதனை?

ரத்தம், ஸ்கேன், தேவையானால் முழு நெறியை எடுத்துப் பயாப்ஸி.

கெஞ்சிக் கேட்கிறேன்

இரண்டு மூன்று வாரத்தில் வடியாத நெறி, காறை எலும்புக்கு மேலே தட்டுப்படும் நெறி, கல் போன்ற நெறி எதுவானாலும் வாருங்கள். கிகுச்சி என்று தெரிந்தவர்களும், வடிந்துவிட்டதே என்று வராமல் இருந்துவிடாதீர்கள். சிலருக்குப் பின்னால் லூபஸ் என்னும் தன்னெதிர்ப்பு நோய் வரக்கூடும். பற்றுப் போட வேண்டாம், சூடு வைக்க வேண்டாம். ஏற்கெனவே ஏதாவது விழுங்கியிருந்தால் அந்த அட்டையையும் எடுத்து வாருங்கள். திட்ட மாட்டேன்.