மாதம் ஆயிரம் ரூபாய்: யார் கைக்கு வருகிறது, யார் கைக்கு வராமல் போகிறது?

"பணமாகக் கொடுத்தால் வீணாக்கி விடுவார்கள், பொருளாக வாங்கிக் கொடுத்து விடுவோம்." உதவி மனுக்களைப் பரிசீலிக்கும் கூட்டங்களில் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் ஏழைக் குடும்பத்தின் கையில் பணமாகவே கொடுத்தால் என்ன ஆகும் என்பது இன்று ஊகமாகப் பேச வேண்டிய விஷயம் அல்ல. நம் தெருவிலேயே அது நடந்துகொண்டிருக்கிறது.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்டது. தொடக்கத்திலேயே ஒரு கோடியே ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இதில் சேர்க்கப்பட்டார்கள். மாதம் 1000 ரூபாய் பெண்ணின் வங்கிக் கணக்குக்கே போகிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள், புன்செய் பத்து ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்குள் என்பவை தொடங்கியபோது வைத்த வரையறைகள். வீட்டில் பெண்கள் கூலியில்லாமல் செய்யும் வேலைக்கு ஓர் அங்கீகாரம் என்பதால்தான் 'உதவி' என்று சொல்லாமல் 'உரிமை' என்று பெயர் வைத்தார்கள். இந்தப் பெயர் வித்தியாசம் சின்ன விஷயமல்ல. கேட்டு வாங்குவதற்கும் வர வேண்டியது வருவதற்கும் உள்ள வேறுபாடு, வாங்குகிறவருக்குத்தான் தெரியும்.

ஆயிரம் ரூபாய் பெரிய தொகையா? 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நாள் கூலி 319 ரூபாய். அந்தக் கணக்கில் மூன்று நாள் கூலிதான். ஆனால் டெல்டாவில் கூலி மாதாமாதம் வருவதில்லை. நடவு, களையெடுப்பு, அறுவடை என்று வேலை வந்தால் சேர்ந்து வரும், இல்லையென்றால் ஒரேயடியாக இல்லை. அறுவடை இயந்திரத்துக்குப் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. நடவுக்கும் இயந்திரம் வந்துவிட்டது. மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். 2024இல் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28இல்தான் திறந்தார்கள். அந்த மாதிரி ஆண்டில் குறுவையை நம்பியிருந்த கூலிக் குடும்பத்துக்கு ஆனி, ஆடி இரண்டு மாதமும் அடுப்பு எரிவதே கேள்விக்குறி. ஆனால் உரிமைத் தொகை அணையைப் பார்த்து வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் வரும், பங்குனி வெயிலிலும் வரும். தொகை சிறிதாக இருந்தாலும் தேதி தவறாமல் வருவதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது. சபுராளி வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதிகமாக, ஆனால் எப்போதோ வரும் பணத்தை வைத்துக் குடும்பம் நடத்துவதைவிட, குறைவாக ஆனால் மாதம் பிறந்தால் வரும் பணத்தை வைத்து நடத்துவது எளிது.

நம் மக்களில் வயல் கூலிக்குப் போகிறவர்கள் குறைவுதானே என்று கேட்கலாம். சைக்கிளில் துணி விற்பவர், பாத்திரம் விற்பவர், கறிக்கடை, தையல்கடை, சின்ன மளிகைக்கடை எல்லாம் நெல் விளைந்தால்தான் நடக்கின்றன. கூலிக்காரர் கையில் பணம் இல்லாத மாதத்தில் தவணைக்குத் துணி கொடுத்தவர் வசூலுக்குப் போய் வெறுங்கையோடு திரும்புகிறார்.

கென்யா நாட்டின் மேற்குப் பகுதியில் ஒரு தொண்டு நிறுவனம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்கு ஆளுக்குச் சுமார் ஆயிரம் டாலர், எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுத்தது. 653 கிராமங்களை வைத்து அதன் விளைவை ஆராய்ந்தார்கள். பணம் வாங்கியவர் வீட்டில் மட்டும் அல்ல, வாங்காத பக்கத்து வீட்டிலும் வருமானம் கூடியிருந்தது. கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் அந்த வட்டாரத்தில் சுமார் இரண்டரை டாலர் அளவுக்குப் பொருளாதாரம் நகர்ந்தது. எல்லார் கையிலும் பணம் வந்தால் விலை ஏறிவிடும் என்ற பயமும் அங்கே பொய்த்தது, விலை ஏற்றம் மிகச் சொற்பம். கடைத்தெரு வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டிய முடிவு இது.

வீணாக்குவார்கள் என்ற பேச்சுக்கு வருவோம். உலக வங்கியின் ஆய்வாளர்கள் இருவர், பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். ரொக்க உதவி கிடைத்ததால் மது, புகையிலைச் செலவு கூடியது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. நம் நாட்டில், 2011-12இல் மத்தியப் பிரதேசத்தில் சேவா அமைப்பு எட்டு கிராமங்களில் எல்லாருக்கும் மாதாமாதம் பணம் கொடுத்துப் பார்த்தது. முதலில் பெரியவருக்கு 200, பிள்ளைக்கு 100 ரூபாய். பிறகு 300, 150. ஆடு மாடு வாங்கினார்கள், சாப்பாடு மேம்பட்டது, பெண் பிள்ளைகள் கூடுதலாகப் பள்ளிக்குப் போனார்கள், புதுக் கடன் குறைந்தது. இத்தனைக்கும் அதுவும் சிறிய தொகைதான்.

அதற்காகப் பணம் எல்லாவற்றுக்கும் மருந்து என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மகள் கல்யாணத்துக்கோ ஆபரேஷனுக்கோ வாங்கிய கடன் மாதம் ஆயிரம் ரூபாயில் அடையாது. குழுக் கடன் தவணைக்கே அந்த ஆயிரம் போய்விடும் வீடுகள் உண்டு. அரிசிக்குப் பதிலாகப் பணம் என்பதும் வேறு கதை. அதற்கு நம் பக்கத்து ஊரான காரைக்காலே சாட்சி. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் 2015 செப்டம்பரில் ரேஷன் தானியத்துக்குப் பதில் வங்கியில் பணம் போடும் முறை வந்தது. நாளடைவில் ரேஷன் கடைகள் மூடிக் கிடந்தன. கடையில் அரிசி விலை ஏறும்போது வங்கியில் விழும் தொகை அதோடு சேர்ந்து ஏறுவதில்லை. அரிசியாகவே கொடுங்கள் என்று மக்கள் பல வருடம் கேட்டார்கள். 2024 தீபாவளி சமயத்தில்தான் கடைகள் மீண்டும் திறந்தன. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். அந்த அரிசி வீட்டில் இருப்பதால்தான் ஆயிரம் ரூபாய் மருந்துக்கும் பிள்ளைகளின் நோட்டுக்கும் போகிறது. அரிசியை நிறுத்திவிட்டு ஆயிரம் கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ரொக்க உதவி காகிதத்தின் வழியாகத்தான் நடக்கிறது. யார் பெயரில் காகிதம் இல்லையோ அவர் வாசலுக்கு அது வருவதில்லை.

பி.எம்.கிசான் திட்டத்தைப் பாருங்கள். ஆண்டுக்கு 6000 ரூபாய், மூன்று தவணையில். யார் பெயரில் நிலம் இருக்கிறதோ அவருக்கு. தஞ்சாவூர்ப் பக்கம் எத்தனையோ குடும்பங்கள் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் வெளியூர் மிராசுதார் நிலத்தையும் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கின்றன. சேற்றில் இறங்குவது இவர்கள். பட்டா இவர்களிடம் இல்லாததால் இவர்களுக்கு அந்தப் பணம் கிடையாது. 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை வட்டாரத் தென்னைகளைச் சாய்த்தது. விழுந்த மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500 என்று மரத்துக்கு 1100 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். அது தோப்புக்காரருக்கு. அந்தத் தோப்பில் காய் பறித்தும் மட்டை உரித்தும் பிழைத்தவருக்கு எந்த மரக் கணக்கிலும் இடம் இல்லை.

நம் வீடுகளில் இதே சிக்கல் வேறு மாதிரி வருகிறது. ஆதாரில் 'பாத்திமா பீவி', குடும்ப அட்டையில் 'ஃபாத்திமா', வங்கிப் புத்தகத்தில் 'பாத்திமுத்து'. மூன்றும் ஒரே பெண் என்று தெருவுக்கே தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. தலாக்கான பெண்ணின் பெயர் இன்னும் பழைய வீட்டு அட்டையிலேயே இருக்கிறது. அந்த அட்டைக்கு அந்த வீட்டுப் பெண் ஒருவர் ஏற்கெனவே தொகை வாங்கிக்கொண்டிருந்தால் இவருக்கு வழி அடைபடுகிறது. இத்தா முடிந்து தாய் வீட்டுக்கு வந்த விதவைக்கும் இதே நிலை. வீட்டில் மாமியாருக்கு முதியோர் ஓய்வூதியம் வந்தால் மருமகளுக்கு உரிமைத் தொகை இல்லை என்று பலர் இன்னும் நினைக்கிறார்கள். திட்டம் தொடங்கும் முன்பே, 2023 ஆகஸ்டில், அந்தத் தடை நீக்கப்பட்டுவிட்டது. வீட்டிலுள்ள தகுதியுடைய வேறு பெண் விண்ணப்பிக்கலாம்.

'பணம் போட்டாச்சு என்கிறார்கள், எனக்கு வரவில்லை' என்பதும் அடிக்கடி கேட்கும் முறையீடு. ஆதாரை வைத்து அனுப்பும் பணம், கடைசியாக எந்தக் கணக்கை ஆதாரோடு இணைத்தோமோ அந்தக் கணக்குக்குப் போகும். கடனுக்காகவோ சிம் கார்டு வாங்கியபோதோ புதிதாகத் திறந்த கணக்கு ஒன்று இருக்கும், பணம் அதில் விழுந்து கிடக்கும். 2017இல் ஒரு செல்போன் நிறுவனத்தின் வங்கியில் இப்படித்தான் லட்சக்கணக்கானவர்களின் கேஸ் மானியம் அவர்களுக்கே தெரியாமல் போய்ச் சேர்ந்தது. உரிமைத் தொகை தொடங்கிய மாதத்தில் சில வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அந்த ஆயிரத்திலேயே பிடித்தம் செய்தன. அப்படிப் பிடிக்கக் கூடாது, பிடித்தால் 1100 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள் என்று அப்போது நிதியமைச்சரே அறிவித்தார்.

பிரசவ உதவியும் காகிதத்தில்தான் நிற்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 14,000 ரூபாய் ரொக்கம், 4000 ரூபாய் மதிப்பில் ஊட்டச்சத்துப் பெட்டகம், ஆக 18,000. கர்ப்பம் தெரிந்ததும் கிராம சுகாதார செவிலியரிடம் பதிய வேண்டும். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போகும் பெண்கள் இரண்டு ஊருக்கும் இடையில் இந்தப் பதிவைத் தவறவிடுகிறார்கள்.

அரசைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விட முடியாது. ஜகாத்தில் பொருளோ பணமோ பெறுபவரின் முழு உடைமையாகிவிட வேண்டும் என்று ஹனஃபி மத்ஹபின் அறிஞர்கள் வலியுறுத்துகிறார்கள். உடைமையான பிறகு அதை எப்படிச் செலவழிப்பது என்பது அவர் பொறுப்பு. ஆனால் நாம் தையல் தெரியாத பெண்ணுக்கும் தையல் மெஷின் கொடுத்து, படம் எடுத்து, அது அடுத்த மாதம் பாதி விலைக்குப் போனால் வருத்தப்படுகிறோம். அவருக்கு அன்று தேவைப்பட்டது வாடகை பாக்கியாக இருந்திருக்கலாம். ரமலானில் வாசலில் வரிசை நிற்க வைத்துச் சில்லறை நோட்டாகக் கொடுப்பதையும் யோசிக்க வேண்டும். அதே தொகையைப் பத்துக் குடும்பத்துக்கு மாதாமாதம், யாருக்கும் தெரியாமல், கணக்கில் போட்டால் வட்டிக்காரர் வாசலுக்குப் போகும் தேவை அந்தப் பத்து வீட்டில் குறையும். இதில் மார்க்கச் சட்ட நுணுக்கங்களை உங்கள் ஊர் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொகை வராதவர்கள் ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றையும் எடுத்துக்கொண்டு, ஜும்ஆ தவிர மற்ற நாட்களில் அஸருக்குப் பிறகு நம் அலுவலகத்துக்கு வரலாம். பெயர்த் திருத்தம், அட்டையிலிருந்து பெயர் நீக்கம், கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு ஆகியவற்றுக்கு மனு எழுதித் தருகிறோம், கட்டணம் கிடையாது. பெண்களுக்கு உதவப் பெண்களே இருப்பார்கள். மனு நிராகரிக்கப்பட்டதாகச் செல்போனில் வந்த செய்தியை அழித்துவிடாமல் கொண்டு வாருங்கள். எந்தக் காரணத்தால் நின்றது என்பது அதில்தான் இருக்கும்.